விளையும் பயிர் வேரிலே தெரியும்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்தியைத் தமிழ் உரைநடையில் படித்துப் பொருளுணர்தல்.
• பயிர்த்தேர்வுக்கும் வேரைச் சூழ்ந்து வாழும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவை விளக்குதல்.
• ஒரு கருத்துக்குச் சார்பான சான்றுகளையும் மாறான சான்றுகளையும் சீர்தூக்கி முடிவு கூறுதல்.
• வேளாண் கலைச்சொற்களை அறிந்து எழுத்தில் பயன்படுத்துதல்.

நுழையும் முன்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. முளையைப் பார்த்துப் பயிரை மதிப்பிட்ட கண்ணுக்கு, முளைக்குக் கீழே மண்ணுக்குள் நடப்பது தெரியவில்லை. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிர்களைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறான். கதிர், மணி, தண்டு, உயரம் ஆகியவை அவன் கண்ணில் பட்டன. வேரும், வேரைச் சூழ்ந்து வாழும் உயிர்களும் படவில்லை. அவன் காணாத உலகத்தில் அவனுடைய தேர்வு என்ன செய்தது? கோதுமைப் பயிரை முதன்மைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

1. சுவருக்கு அப்பால் ஒரு வயல்

எங்கள் பள்ளி ஹரியானா மாநிலத்தில் உள்ளது. சுற்றுச்சுவருக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயல்கள். கார்த்திகையில் விதைக்கப்படும் பயிர், பங்குனி கடந்து சித்திரை பிறக்கும் வேளையில் பொன்னிறம் கொண்டு அறுவடைக்கு நிற்கும். நெல் வயல்களையே பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஊரில் கோதுமைதான் ஆண்டின் நாள்காட்டி.

மாசி மாதக் காலை ஒன்றில், தமிழ் பயிலும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வயலுக்குச் சென்றேன். கதிர் வெளிவந்த பயிர், நூல் பிடித்தாற்போல ஒரே உயரத்தில் நின்றது. "யாரேனும் மேலே வெட்டிச் சமன் செய்தார்களா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருகில் நின்ற வயலுக்குரிய முதியவரிடம் அவ்வினாவை இந்தியில் எடுத்துக் கூறினேன். அவர் சிரித்தார்.

"என் சிறுவயதில் கோதுமை என் தந்தையின் மார்பு வரை வளர்ந்து நிற்கும். பலத்த காற்று அடித்தால் வயல் முழுவதும் படுத்துவிடும். இந்தப் பயிர் படுக்காது. ஆனால் உரம் இடத் தவறினால் இது எழுந்திருக்கவும் செய்யாது" என்றார்.

படுக்காத பயிர், உரமின்றி எழாத பயிர். அவர் கூறிய இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டா? இருந்தால் அது எங்கே இருக்கிறது? விடையைத் தேட, முதலில் அந்தப் பயிர் குட்டையான வரலாற்றை அறிய வேண்டும்.

2. குட்டைக் கோதுமையின் நெடும்பயணம்

பழைய கோதுமை இரகங்கள் உயரமானவை. அவற்றுக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் தண்டு மேலும் நீளும், கதிர் கனக்கும், கனம் தாங்காமல் பயிர் சாயும். சாய்ந்த பயிரின் மணிகள் சரியாக முற்றா, அறுவடையும் கடினமாகும். ஆகவே உரம் இடுவதால் கிடைக்கவேண்டிய பயன், பயிர் சாய்வதாலேயே வீணாயிற்று.

இச்சிக்கலுக்கான தீர்வு ஜப்பானில் கிடைத்தது. 1935ஆம் ஆண்டு அங்கு வெளியிடப்பட்ட 'நோரின் 10' என்னும் கோதுமை இரகம் இயல்பிலேயே குட்டையானது. வளர்ச்சி ஊக்கியாகிய ஜிப்பெரலின் விடுக்கும் செய்திக்கு முழுமையாகச் செவிசாய்க்காத மரபணுக்கள் அதில் இருந்தன. அதனால் தண்டு நீளவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946இல் அவ்விதை அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கு ஆர்வில் வோகல் என்னும் அறிஞர் அதனை உள்நாட்டு இரகங்களுடன் கலந்தார். அவரிடமிருந்து விதைகளைப் பெற்ற நார்மன் போர்லாக், மெக்சிகோவில் பல ஆண்டுகள் உழைத்துக் குட்டைத் தண்டும் மிகுந்த மணியும் உடைய இரகங்களை உருவாக்கினார்.

போர்லாக் 1963ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். புதுதில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய அறிஞர்கள் அவ்விரகங்களை நம் மண்ணில் சோதித்தனர். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. 1966ஆம் ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வாங்கப்பட்டது. லெர்மா ரோஜோ 64, சொனோரா 64 என்பவை அவ்வாறு வந்த இரகங்கள். பின்னர் கல்யாண் சோனா, சோனாலிகா முதலியன இங்கேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பரவின.

1964-65இல் ஏறத்தாழ 120 இலட்சம் டன்னாக இருந்த இந்தியக் கோதுமை விளைச்சல், 1970இல் ஏறத்தாழ 200 இலட்சம் டன்னாக உயர்ந்தது. 1968ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை 'கோதுமைப் புரட்சி' என்னும் பெயரில் சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. 1970ஆம் ஆண்டு போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பசித்த வயிறுகளுக்குச் சோறிட்ட இந்தச் செயலின் பெருமையை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வரலாற்றில் நாம் இதுவரை பேசியவை அனைத்தும் மண்ணுக்கு மேலே நிகழ்ந்தவை.

3. வேர்மண்டலம்

1904ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிவியலறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர், வேரைச் சூழ்ந்துள்ள மண்ணுக்குத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். அதனையே தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் கனமுள்ள மண்ணே அது. சற்றுத் தள்ளியிருக்கும் மண்ணைவிட அங்கு நுண்ணுயிர்கள் மிகுதியாக வாழ்கின்றன. அவற்றின் வகைகளும் வேறுபடுகின்றன.

காரணம் எளிது. அங்கே உணவு கிடைக்கிறது. இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் ஒரு பகுதியைப் பயிர் தன் வேர்களின் வழியே மண்ணில் கசியவிடுகிறது. சர்க்கரைகள், கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள் முதலியவை அக்கசிவில் உள்ளன. இதற்கு வேர்க்கசிவு என்று பெயர். ஒவ்வொரு பயிரின் கசிவும் ஒவ்வொரு கலவை. அக்கலவைக்கு ஏற்ற உயிர்களே அவ்வேரைச் சுற்றிக் குடியேறும். விருந்துக்குச் சமைப்பவரே விருந்தினரையும் தேர்ந்துகொள்வது போன்றது இது.

இது கைம்மாறு கருதாத விருந்தன்று. நுண்ணுயிர்கள் பயிருக்குப் பலவகையில் உதவுகின்றன. பயறுவகைப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சை, தன் நுண்ணிய இழைகளை வேர் எட்டாத இடங்களுக்கும் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியாக்களும் உள்ளன. சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன.

சுருங்கக் கூறின், வேர்மண்டலம் என்பது பண்டமாற்று நடைபெறும் சந்தை. பயிர் உணவைக் கொடுக்கிறது. சத்தையும் காவலையும் பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

தழைச்சத்து – நைட்ரஜன். மணிச்சத்து – பாஸ்பரஸ். சாம்பல்சத்து – பொட்டாசியம். இம்மூன்றும் பயிருக்கு மிகுதியாகத் தேவைப்படுவதால் பேரூட்டச் சத்துகள் எனப்படும்.

4. தேர்வு மேலே, மாற்றம் கீழே

பயிர்ப்பெருக்க அறிஞர் ஒருவர் புதிய இரகத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்? ஆயிரக்கணக்கான செடிகளை வளர்க்கிறார். மணி மிகுந்தவற்றையும், நோய் தாங்குபவற்றையும், சாயாத் தண்டு உடையவற்றையும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விலக்குகிறார். பல தலைமுறைகள் இவ்வாறே தொடர்கின்றன.

இத்தேர்வு நடைபெறும் சோதனை வயல், பெரும்பாலும் நீரும் உரமும் குறைவின்றிப் பெற்ற வயல். அங்குதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி உள்ளது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேரின் வாயிலிலேயே கிடைக்கும்போது, நுண்ணுயிர்களுக்கு உணவிட்டு அவற்றைப் பெறும் செடிக்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. அவ்வாறு உணவிடாத செடிக்கு இழப்பும் இல்லை. ஆகவே நட்பு பேணும் செடியும் பேணாத செடியும் சோதனை வயலில் ஒன்றுபோலவே தோன்றும். நட்பு பேணும் பண்பைத் தரும் மரபணு ஒன்று ஏதோ ஒரு தலைமுறையில் தவறிப்போனாலும் எவரும் அறியமாட்டார். அதனை எவரும் வேண்டுமென்றே நீக்கவில்லை. எவரும் தேடவில்லை என்பதே அது மறையப் போதுமான காரணம்.

இரண்டாவது வழியும் உண்டு. உயரத்தைக் குறைக்கும் மரபணு தண்டில் மட்டும் செயற்படுவதாக நாம் எண்ணலாம். ஆனால் செடி ஓர் உடல். அதன் ஒரு பகுதியில் வளர்ச்சி மாறினால் மற்றொரு பகுதியிலும் உணவுப் பங்கீடு மாறக்கூடும். வேரின் நீளம், கிளைப்பு, கசிவின் கலவை ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும், குடியேறும் உயிர்களும் மாறக்கூடும்.

5. ஆய்வுகள் கூறுவன

மேற்கூறியவை வெறும் ஊகங்களா? அறிஞர்கள் பழைய இரகங்களையும் புதிய இரகங்களையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டுள்ளனர்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பழைய நாட்டுக் கோதுமை இரகங்கள் சிலவற்றின் வேர்த்தொகுதி பசுமைப்புரட்சி இரகங்களின் வேர்த்தொகுதியைவிடப் பெரியது என்று 2007ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தினர், உயரமான கோதுமை இரகங்களின் வேர்மண்டலப் பாக்டீரியாக் கூட்டமும் குட்டை இரகங்களின் கூட்டமும் வேறுபடுகின்றன என்று 2020ஆம் ஆண்டு வெளியிட்டனர். தண்டின் உயரத்துக்காகச் செய்த தேர்வு, வேரின் அண்டை அயலாரையும் மாற்றியுள்ளது.

சோயா அவரையில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. மண்ணிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாக்கள் எல்லாம் உழைப்பவை அல்ல. சில முடிச்சுக்குள் புகுந்து உணவை உண்ணும். தழைச்சத்தைச் சரிவரத் தாரா. நல்ல செடி இவ்வேறுபாட்டை உணர்ந்து, உழைக்காத முடிச்சுக்குத் தரும் வசதிகளைக் குறைக்கும். அறுபது ஆண்டுகாலப் பயிர்ப்பெருக்கத்தில் வெளிவந்த ஆறு சோயா இரகங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் ஒப்பிட்டனர். உழைக்கும் பாக்டீரியாவும் உழைக்காத பாக்டீரியாவும் கலந்த மண்ணில், பழைய இரகங்கள் புதியவற்றைவிட நன்றாகச் சமாளித்தன. உரத்தால் வளமான நிலத்தில் வளர்ந்த தலைமுறைகள், நல்லாரையும் பொல்லாரையும் பிரித்தறியும் திறனில் தளர்ந்துவிட்டன என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம்.

மக்காச்சோளத்தின் கதை வியப்பூட்டுவது. வேர்ப்புழு வேரைக் கடிக்கும்போது, சில மக்காச்சோள இரகங்கள் மண்ணில் ஒரு மணப்பொருளை வெளியிடுகின்றன. அம்மணத்தை மோப்பம் பிடித்து நூற்புழுக்கள் வருகின்றன. நூற்புழு தன் உடலுக்குள் சுமந்துவரும் பாக்டீரியா வேர்ப்புழுவைக் கொன்றுவிடுகிறது. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான தியோசின்டேயும் பல ஐரோப்பிய இரகங்களும் இவ்வாறு உதவி கேட்டு அழைக்கின்றன. வட அமெரிக்க இரகங்களுள் பெரும்பாலானவை அழைப்பதில்லை என்று 2005இல் கண்டறியப்பட்டது. குரல் எப்போது போயிற்று என்று எவரும் கவனிக்கவில்லை. பூச்சிமருந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

6. மறுபக்கம்

ஒரு பக்கத்துச் சான்றுகளை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது முறையன்று. மறுபக்கத்தையும் கேட்போம்.

பழைய கோதுமை இரகங்கள் வேர்ப்பூஞ்சையை மிகுதியாகச் சார்ந்துள்ளன, புதியவை அவ்வளவாகச் சார்ந்திருக்கவில்லை என்று கன்சாஸ் மாநில ஆய்வாளர்கள் 1992இல் கூறினர். ஆனால் 1981 முதல் 2010 வரை வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பெர்லின் ஆய்வாளர்கள், புதிய இரகங்கள் அவ்வாற்றலைப் பொதுவாக இழந்துவிட்டன எனக் கூற இயலாது என்று 2012இல் காட்டினர். பின்னர் 2018இல் 27 பயிர்களையும் அவற்றின் காட்டு மூதாதைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இடைப்பட்ட விடை ஒன்றைத் தந்தது. காட்டுச் செடிகள் மணிச்சத்து குறைந்த மண்ணிலும் மிகுந்த மண்ணிலும் வேர்ப்பூஞ்சையால் பயன்பெற்றன. பயிர்ச்செடிகளோ மணிச்சத்து குறைந்த மண்ணில் மட்டுமே பயன்பெற்றன. ஆற்றல் அழிந்துவிடவில்லை, உரம் மிகுந்த இடத்தில் அது பயன்படாமல் கிடக்கிறது.

பயிர்ப்பெருக்கம் அறியாமலே நன்மை செய்த இடமும் உண்டு. பீன்ஸ் பயிரில் வாடல் நோயைத் தாங்கும் இரகத்தைத் தேர்ந்தபோது, அதன் வேர்மண்டலத்தில் அந்நோய்ப் பூஞ்சையை எதிர்க்கக்கூடிய பாக்டீரியாக்களும் பெருகியிருந்தன என்பதை 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அறிஞர்கள் செடியைத் தேர்ந்தார்கள். செடி தன் காவலரையும் உடன் அழைத்து வந்தது.

மேலும், வேறுபாடு வேறு, இழப்பு வேறு. இரண்டு இரகங்களின் வேர்மண்டலம் வேறுபடுகிறது என்பதனாலேயே ஒன்று தாழ்ந்தது ஆகிவிடாது. உரமும் உழவும் பாசனமும் இக்காலத்தில் உடன் மாறியுள்ளன. எந்த மாற்றம் விதையால் வந்தது, எது வேளாண்முறையால் வந்தது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆகவே பழையன எல்லாம் நல்லன, புதியன எல்லாம் தீயன என்று கூறுவோரின் பேச்சு, ஆய்வுகள் கூறும் செய்தி ஆகாது.

ஆய்வுகள் உறுதியாகக் கூறுவது ஒன்றே: விதையைத் தேர்ந்தெடுக்கும் கை, வேர்மண்டலத்தையும் தொடுகிறது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தொடுகிறது.

7. பார்த்துத் தேர்தல்

அவ்வாறாயின், பார்த்துத் தேர்ந்தால் என்ன? அம்முயற்சி தொடங்கிவிட்டது.

வயலில் இடும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி பயிருக்குச் சேர்வதில்லை. மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை விரைவாக நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் நீரோடு கரைந்து நிலத்தடிக்கு இறங்குகிறது; ஒரு பகுதி வேறு நுண்ணுயிர்களால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வளியாகி வானில் கலந்து புவியை வெப்பமாக்குகிறது. உழவரின் பணமும் போகிறது. நீரும் காற்றும் கெடுகின்றன.

கோதுமைக்கு உறவான லைமஸ் ரசெமோசஸ் என்னும் காட்டுப்புல்லின் வேர்க்கசிவு, இம்மாற்றத்தை மெதுவாக்கும் ஆற்றல் உடையது. இன்றைய கோதுமை இரகங்களில் இவ்வாற்றல் மிகக் குறைவு. ஜப்பானின் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையமும், மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோளம் மற்றும் கோதுமை மேம்பாட்டு மையமும் இணைந்து, அப்புல்லின் குரோமோசோம் பகுதியைக் கலப்பின முறையில் உயர்விளைச்சல் கோதுமைக்கு மாற்றின. அவ்வாறு பெற்ற கோதுமை, வேரருகே நைட்ரேட் ஆக்கத்தைக் குறைத்தது, விளைச்சல் குறையவில்லை. இம்முடிவு 2021இல் வெளியாயிற்று. மரபணுவைத் தண்டுக்காகத் தேடிய காலம் போய், வேருக்காகத் தேடும் காலம் வந்திருக்கிறது.

இவ்வகைத் தேடலுக்குப் பழைய விதைகள் தேவை. மெக்சிகோ நாட்டின் ஒஹாகா மாநிலத்து மலைப்பகுதியில், மிஹே மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவரும் மக்காச்சோளம் ஒன்று உண்டு. உயர்ந்து வளரும் அதன் தண்டிலிருந்து தொங்கும் வேர்கள், கூழ்போன்ற இனிய பிசினைச் சுரக்கின்றன. அப்பிசினில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. அச்செடி தனக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்தே பெறுகிறது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. வளம் குறைந்த மண்ணில் அம்மக்கள் விதையைக் கைவிடாமல் காத்ததனாலேயே, அந்த நட்பும் காக்கப்பட்டது.

நம் நாட்டிலும் காப்பகங்கள் உள்ளன. புதுதில்லியிலுள்ள தேசியத் தாவர மரபியல் வளங்கள் பணியகம் விதைகளைக் குளிரில் சேமித்து வைக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் மவு நகரிலுள்ள பணியகம் வேளாண்மைக்கு வேண்டிய நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கிறது. ஓரிடத்தில் விதை, மற்றோரிடத்தில் அதன் தோழர். இரண்டையும் ஒரே விளைநிலத்தில் மீண்டும் சந்திக்கச் செய்வது வருங்கால அறிஞர்களின் பணி. அவர்களுள் சிலர் இப்பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

8. மீண்டும் வயலுக்கு

அன்று வயலிலிருந்து புறப்படும்போது, முதியவர் வரப்போரம் நின்ற கொண்டைக்கடலைச் செடி ஒன்றையும் கோதுமைச் செடி ஒன்றையும் வேரோடு அகழ்ந்து எங்களிடம் கொடுத்தார். கடலையின் வேரில் சிறு முடிச்சுகள் தொங்கின. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. உழைக்கும் முடிச்சுக்கு அதுவே அடையாளம். கோதுமை வேரில் முடிச்சு இல்லை. ஆனால் எவ்வளவு உதறியும் ஒரு மெல்லிய மண் உறை வேரை விட்டு விழவில்லை.

"இந்த மண் ஏன் விடமாட்டேன் என்கிறது?" என்று அந்த மாணவி கேட்டாள்.

வேர் கசியவிட்ட பிசினும் வேர்த்தூவிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அம்மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. ஹில்ட்னர் பெயரிட்ட வேர்மண்டலம் அவள் கையில் இருந்தது.

பசி நிறைந்த காலத்தில் வாழ்ந்த அறிஞர்கள், 'மணி எவ்வளவு?' என்று வினவினர். சரியான விடை கண்டனர். அவர்கள் பெற்றுத்தந்த சோற்றை உண்டு வளர்ந்த நாம், அதனோடு இன்னொரு வினாவையும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்: 'வேரோடு வாழ்வோர் யார்?' இரண்டு வினாக்களுக்கும் ஒருசேர விடை தரும் விதையே நாளைய நல்விதை.

சொற்பொருள்

இரகம் – பயிரின் வகை
கசிவு – சிறிது சிறிதாக வெளிப்படும் நீர்மம்
சீர்தூக்குதல் – நன்மை தீமைகளை ஒப்பிட்டு ஆராய்தல்
ஊகம் – உய்த்துணர்வு
கைம்மாறு – திரும்பச் செய்யும் உதவி
வேர்த்தூவி – வேரின் நுனியருகே உள்ள மெல்லிய மயிர் போன்ற பகுதி

இலக்கணக் குறிப்பு

விளைநிலம் – வினைத்தொகை
நல்விதை – பண்புத்தொகை
நீரும் காற்றும் – எண்ணும்மை
காணாத உலகம் – எதிர்மறைப் பெயரெச்சம்
சாயாத் தண்டு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

சோதித்தனர் – சோதி + த் + த் + அன் + அர்
சோதி – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வேர்மண்டலத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டியவர்
அ) நார்மன் போர்லாக்  ஆ) லோரன்ஸ் ஹில்ட்னர்  இ) ஆர்வில் வோகல்  ஈ) எம்.எஸ். சுவாமிநாதன்

2. 'நோரின் 10' என்னும் கோதுமை இரகம் தோன்றிய நாடு
அ) மெக்சிகோ  ஆ) இந்தியா  இ) ஜப்பான்  ஈ) இங்கிலாந்து

3. 'நுண்ணுயிர்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) நுண்ணு + உயிர்  ஆ) நுண்மை + உயிர்  இ) நுண் + யிர்  ஈ) நுட்பம் + உயிர்

ஆ. குறுவினா

1. வேர்க்கசிவு என்றால் என்ன?
2. உயரமான கோதுமைக்கு மிகுதியாக உரமிட்டதால் நேர்ந்த சிக்கல் யாது?
3. கொண்டைக்கடலையின் வேர்முடிச்சு உழைக்கிறது என்பதை எவ்வாறு அறியலாம்?

இ. சிறுவினா

1. உரம் மிகுந்த சோதனை வயலில், நுண்ணுயிர்களோடு நட்பு பேணும் செடி தனித்துத் தெரியாதது ஏன்?
2. "வேறுபாடு வேறு, இழப்பு வேறு" – இத்தொடரைப் பாடக்கருத்தின் வழி விளக்குக.
3. மக்காச்சோள வேர் நூற்புழுக்களை அழைக்கும் முறையை எழுதுக.

ஈ. நெடுவினா

"இந்தப் பயிர் படுக்காது. ஆனால் உரம் இடத் தவறினால் இது எழுந்திருக்கவும் செய்யாது" – முதியவரின் இக்கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது? சார்பான சான்றுகள் இரண்டும் மாறான சான்று ஒன்றும் காட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

உ. கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் விளையும் தானியச்செடி ஒன்றையும் பயறுச்செடி ஒன்றையும், உரியவரின் இசைவு பெற்று வேரோடு எடுங்கள். மெல்ல உதறி, வேரில் ஒட்டியுள்ள மண்ணையும் முடிச்சுகளையும் உற்றுநோக்கிப் படம் வரைந்து ஐந்து தொடர்களில் விளக்குங்கள்.
2. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியோரிடம், அவர்கள் இளமையில் கண்ட பயிர் இரகங்களின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் மொழியில் வழங்கும் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதிப் பட்டியலிடுங்கள்.